பழைய படகுக்குப் பல் எது?

கேள்வி: பழைய படகுவீடு ஒன்றை வாங்கி, அதிலேயே குடியிருந்து கால்வாய் வழியே ஊர் சுற்ற ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், அரியலூர்

பதில்: நல்ல ஆசை! ஆனால் கொள்ளிடத்தை நம்பி வாங்காதீர்கள். கோடையில் அங்கே மணல்தான். பக்கிங்ஹாம் கால்வாயும் பல இடங்களில் தூர்ந்துவிட்டது. ஆலப்புழைக்குப் போங்கள். கொல்லத்திலிருந்து வடக்கே நீளும் 3ஆம் எண் தேசிய நீர்வழி அங்கே இருக்கிறது. அங்கத்திய படகுவீடான கெட்டுவள்ளம் என்பது ஆணியில்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டுவது. அறைகளின் அழகில் மயங்க வேண்டாம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் ஊர்க்காரர் நீங்கள். படகுக்கு அடிப்பலகைதான் பல். கரையேற்றச் சொல்லி, கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. தையல் கயிறு இற்றிருக்கிறதா, பதிவும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்றும் பாருங்கள். கரையேற்றிக் காட்ட மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்!