டவரைப் பிடிக்க வந்த கண்ணுக்கு

வாங்க கண்ணு, நெழல்ல உக்காருங்க. உங்க கேமராவுக்கு மூணு காலு, கரண்டு டவருக்கு நாலு காலு, காட்டுக்காரனுக்கு ரெண்டே காலு. ஜெயிக்கறது யாருன்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு.

இதுக்கு முன்னால ஒரு தம்பி வந்துச்சுங்க. காங்கேயம் காளையைப் படம் பிடிக்கோணும், பின்னால கரண்டுக் கம்பி தெரியாத எடமாப் பாத்து நிறுத்துங்கன்னுச்சு. நீங்க என்னடான்னா கம்பியைப் பிடிக்கோணும், காளையை அக்கட்டால ஓட்டுங்கறீங்க. உங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச்சொல்லியிருந்தா காளைக்காவது அலைச்சல் மிச்சமாயிருக்கும்.

கேமராவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. டவரை நெதமும் பாக்கறவன், அவ்வளவுதான். படிச்சவங்க கோவிச்சுக்காமக் கேட்டுக்கோணும்.

எல்லா டவரும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. கையை எண்ணிப் பாருங்க. பக்கத்துக்கு மூணு மூணா ஆறு வரிசை கம்பி போனா அது மாறுமின்சாரம், ரெண்டு சர்க்யூட்டு. அதா, மேக்கால நிக்கறதுல பக்கத்துக்கு ஒரே ஒரு கொத்துத்தான். அது நேர்மின்சாரம். சத்தீஸ்கர்ல ராய்கர்னு ஒரு ஊருல ஏறி நம்ம புகளூர்ல எறங்குது. 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட், தூரம் சுமார் 1765 கிலோமீட்டர். அத்தனை தூரம் எங்கயும் நிக்காம வர்ற கரண்டு, இங்கிருந்து கூப்படு தூரத்துல இருக்கற என்ற மோட்டாருக்கு மட்டும் நட்டநடு ராத்திரியிலதான் வரும். அதையும் படம் பிடிக்கறதுன்னா டார்ச் லைட்டோட வாங்க.

அந்த ஆறு கம்பி டவர்லயே, லைன் நேராப் போற எடத்துல பீங்கான் தட்டுக் கோவை தொங்கிட்டிருக்கும். லைன் திரும்பற எடத்துல அதே கோவை படுத்துக்கும். அங்க இழுப்பு ஒருபக்கமா விழுகறதால டவரும் தடியா நிக்கும். பிடிச்சா அதைப் பிடிங்க, வடிவா இருக்கும். நேராப் போயிட்டிருந்த லைன் அந்த எடத்துல ஏன் திரும்புச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. எதிர்ல எந்தப் பெரிய மனுசன் தோட்டம் இருந்துச்சுன்னு டீக்கடையில பேசிக்குவாங்க. நான் டீ குடிக்கறதில்லீங்க.

பொழுது உழுகறப்ப செவந்த வானம், நடுவுல கருப்பா டவர். அதுக்குத்தானே வந்தீங்க? அந்தப் படம் எல்லாக் காலண்டர்லயும் வந்தாச்சு. வெடியால ஒண்ணு பிடிங்க, உச்சிவெயில்ல அதே எடத்துல நின்னு இன்னொண்ணு பிடிங்க. உள்ளுக்குள்ள எஃகு, சுத்தி அலுமினியம்; வெயில்லயும் சொமையிலயும் சூடேறிக் கம்பி நீண்டு தொங்கிப்போகும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத் தெரியும். ஐப்பசி மழைக்கு மறுநாள் வந்தீங்கன்னா தூசி அடங்கி, பத்தாவது டவர் வரைக்கும் துலக்கமாத் தெரியும். ஈரக் காத்துல சடசடன்னு ஒரு சத்தமும் கேக்கும். அது உங்க படத்துல விழுகாது. அங்கயே குடியிருக்கறவன் காதுல விழுகும்.

அந்த நீட்டு லென்ஸைக் கொஞ்சம் பையில வெய்யுங்க. அதுல பாத்தா டவரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது. நடுவுல இருக்கற 400 மீட்டர் காடு காணாமப் போயிருது. லைன் போட வந்தவங்க வரைபடத்துலயும் இப்படித்தாங்க காணாமப் போச்சு. கல்யாணத்துக்குப் போயி பந்தக்காலை மட்டும் படம் பிடிச்சுட்டு வந்தா ஊட்டுல சோறு போடுவாங்களா?

கீழ பாருங்க. கிளுவை வேலி, வெள்வேலாமரம், கொழுக்கட்டைப்புல்லு, இதெல்லாம் கொரங்காடு. மாடு மேயறதுக்கு டவர் ஒண்ணும் சொல்லாது. அந்தப்பக்கம் தென்னந்தோப்பு. கம்பிக்கு அடியில மட்டும் மரமே இல்லாம ஒரு வெறும் பட்டை நீளமாப் போகுதே, அங்கயும் தென்னை நின்னுச்சுங்க. அதைத்தான் பிடிக்கோணும். டவரைவிட அது பெருசு.

வெள்ளைக்காரன் 1885ல தந்திக் கம்பி இழுக்க ஒரு சட்டம் போட்டான். கம்பி போகலாம், கம்பம் நடலாம், நெலம் மட்டும் காட்டுக்காரன் பேர்லயே இருக்கும்னு. தந்தி செத்துப்போச்சு. 2003 மின்சாரச் சட்டம் அந்த அதிகாரத்தை அப்படியே இந்த டவருக்கு எடுத்துக் குடுத்துருச்சு. அதனால பட்டா என்றது, நாலு காலும் அவங்களுது. டவர் நிக்கற மண்ணுக்கு நெல மதிப்புல 85 சதவீதம் குடுக்கலாம்னு 2015ல தில்லியில சொன்னாங்க. 2024ல அதையே 200 சதவீதமாக்குனாங்க. சந்தோசம்தான். அதுக்கு முன்னாலயே காலை ஊனிட்டவங்களைக் கேட்டா மொகத்தைப் பாத்துட்டுச் சும்மா இருந்துக்குவாங்க.

பூமிக்கடியில கேபிளாக் கொண்டுபோங்கன்னு இந்தப்பக்கம் சனம் போராடுச்சு. ஆகாத காரியம்னாங்க. புகளூர்லருந்து திருச்சூருக்குப் போற லைன் வடக்கஞ்சேரி வரைக்கும் டவர்ல போயிட்டு, அங்கிருந்து சுமார் 27 கிலோமீட்டர் பூமிக்கடியிலதான் போகுது. மலையாளத்து மண்ணு இளகின மண்ணு போலிருக்கு.

சீமையில 1928 வாக்குல டவர் எப்படி இருந்தா கண்ணுக்கு உறுத்தாதுன்னு ரெஜினால்ட் ப்ளோம்ஃபீல்டுன்னு ஒரு பெரிய கட்டடக் கலைஞரைக் கேட்டாங்களாம். பேரன் சொன்னான். இங்க அழகு தெரிஞ்சவனையும் கேக்கல, என்னையும் கேக்கல.

அப்புறம், பையில குட்டி ஹெலிகாப்டர் ஒண்ணு வெச்சிருக்கீங்க, பாத்துட்டேன். அதைக் கம்பிகிட்ட விடாதீங்க. நல்ல ஆங்கிள் கெடைக்கும்னு டவர்ல காலும் வெக்காதீங்க. மண்டை ஓடு போட்ட பலகை உங்களுக்கும் சேத்துத்தான் மாட்டியிருக்கு.

படத்துக்குக் கீழ "ஒரு கிராமத்து மின்கோபுரம்"னு மொட்டையா எழுதிப் போட்டுராதீங்க கண்ணு. ஊர்ப் பேரை எழுதுங்க. டவர்ல நம்பர் போட்டிருக்கும், அதையும் எழுதுங்க. காட்டுக்காரனைக் கேட்டு, அவன் சரின்னா, அவன் பேரையும் சேத்து எழுதுங்க.