கில்ட் தைப்பவரும் கோர்வை நெய்பவரும்: ஒரு தொலைக்காட்சிப் புதிர் பற்றிய ஓரிக்கை ஆராய்ச்சி

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையின் பட்டுத் தறிக்காரர் ஒருவர் 1955 வாக்கில் நியூயார்க்குக்குப் போய் 'வாட்ஸ் மை லைன்?' என்ற தொலைக்காட்சி விளையாட்டில் உட்கார்ந்திருந்தால், அவர் தொழிலை அங்கிருந்த நால்வர் கண்டுபிடித்திருப்பார்களா? இந்த வினாவைத் தமிழாய்வுலகம் இதுவரை தீண்டவில்லை. சங்க காலம் முதல் சினிமாப் பாட்டு வரை முனைவர் பட்டத்துக்கு அடிபடாத பொருளே இல்லாத நாட்டில் இது ஒரு பெருங்குறை. அதை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

முதலில் விளையாட்டின் இலக்கணம். 1950 பிப்ரவரி 2 முதல் 1967 செப்டம்பர் 3 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் நிலையம் இதை ஒளிபரப்பியது. விருந்தினர் உள்ளே வந்து கரும்பலகையில் சாக்பீஸால் பெயரை எழுதுவார். நடுவர் ஜான் டேலியின் பக்கத்தில் போய் உட்காருவார். எதிரே நால்வர். பத்திரிகைக்காரர் டோரதி கில்கேலன், நடிகை ஆர்லீன் ஃபிரான்சிஸ், பதிப்பாளர் பென்னட் செர்ஃப் என்று மூன்று பேர் பல ஆண்டுகள் நிலையாக இருந்தார்கள். நாலாம் நாற்காலிக்கு ஆள் மாறுவார்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளால் தொழிலைக் கறக்க வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் டேலி ஓர் அட்டையைத் திருப்புவார். விருந்தினருக்கு 5 டாலர். பத்து 'இல்லை' சேர்ந்தால் 50 டாலருடன் வெற்றி. டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த காலம் அது. ஆகவே ஓரிக்கைக் கணக்கில் 238 ரூபாய். ஆராய்ச்சிக்கு உகந்த தொகைதான்.

1951 ஜூலையில் பிபிசி இதை லண்டனுக்குக் கொண்டுவந்தபோது ஒரு நுட்பம் சேர்த்தது. விருந்தினர் முதலில் தன் தொழிலைச் சைகையில் கொஞ்சம் செய்து காட்ட வேண்டும். அங்கே வந்தவர்களுள் அழியாப் புகழ் பெற்றவர் மண்பாண்டத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர். சூளையில் பாண்டங்களைப் பத்திரமாக அடுக்கி வைக்கும் களிமண் பெட்டிக்கு அடித்தட்டைத் தட்டித் தட்டிச் சமன்செய்வது அவர் வேலை. பெட்டி செய்பவர் வேறு, அடி தட்டுபவர் வேறு. தொழில் இவ்வளவு நுணுக்கமாகப் பங்கு பிரிந்திருப்பதைக் கண்டு இங்கிலாந்து வியந்தது. ஜரிகை செய்ய ஓர் ஊர், சாயம் போட ஒரு தெரு, பாவு ஓட ஒரு குடும்பம், அச்சுப் பிணைக்க ஒருவர் என்று பழகிய காஞ்சிபுரத்தார் வியந்திருக்க மாட்டார்கள்.

இவ்வகை விளையாட்டுக்கு வார்த்துவைத்தாற்போன்ற விருந்தினர் கில்ட் தைப்பவர். அது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை. முழு கில்டுக்கு எட்டு கெஜம் துணி போகும். ஆறு கெஜத்துக்கும் ஒன்பது கெஜ மடிசாருக்கும் நடுவில் ஒரு காலியிடம் இருப்பதை நம்மில் யாரும் கேள்வி கேட்டதில்லை. அங்கே ஸ்காட்லாந்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார். எட்டு கெஜத்தில் பெரும்பகுதி பின்புற மடிப்புக்கே. நல்ல கைகாரர் மடிப்பை வைக்கும் விதத்தில், மடித்த பிறகும் துணியின் கட்டம் குலையாமல், மடிக்கவே இல்லை என்பதுபோல் பின்னால் அப்படியே ஓடும். ராணுவ கில்டில் கட்டத்தை விட்டுவிட்டு ஒரு கோட்டை மட்டும் எடுப்பாக நிறுத்துவார்கள். நம் பெண்கள் 'பாலும் பழமும்' கட்டம் போட்ட பட்டில் தினுசாகக் கொசுவம் வைக்கிறார்களே, அங்கே கட்டம் எங்கே போயிற்று என்று யாரும் தேடுவதில்லை. சாயங்காலம் பிரிந்துவிடப் போகும் மடிப்புக்கு அவ்வளவு நியாயம் போதும்.

நால்வரும் வழக்கம்போல் "நீங்கள் செய்யும் பொருள் பெண்கள் உடுத்துவதா?" என்று தொடங்கியிருப்பார்கள். "இல்லை." "ஆனால் பாவாடை போன்றதா?" இங்கே டேலி கனைத்துக்கொள்வார். ஆணுடைக்கும் பெண்ணுடைக்கும் இடையிலுள்ள இந்தக் குழப்பத்திலேயே கில்ட்காரருக்கு மூன்று அட்டை உறுதி. பட்டில் அது நடக்காது. சேலையும் உண்டு, வேட்டியும் உண்டு; எப்படிக் கேட்டாலும் ஆம்தான். இந்த ஒரு துறையில் ஓரிக்கை பின்தங்குகிறது என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றத் துறைகளில் அவ்வாறில்லை. என்னை? விருந்தினர் உடையை வைத்துத் தொழிலை ஊகிக்கும் வழி ஒன்று இருக்கிறது. கில்ட்காரர் கில்டிலேயே வந்தால் கரும்பலகையை அடையுமுன் தோற்றுவிடுவார். ஆகவே பேன்ட் போட்டுக்கொண்டு, தன் பெருமையை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். ஓரிக்கைக்காரருக்கு இந்தத் தியாகமே தேவையில்லை. தறியில் உட்காரும்போது கட்டும் லுங்கியோடோ, வெளியூர்ப் பயணத்துக்கென்று வைத்திருக்கும் நூல் வேட்டியோடோ வரலாம். உடம்பில் ஓர் இழை பட்டு இருக்காது. எந்தக் கில்கேலனும் அதிலிருந்து துப்புத் துலக்க முடியாது.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே எனின், அற்றன்று. சிபிஎஸ்ஸில் இந்த நிகழ்ச்சி வண்ணத்துக்கு வந்தது 1966இல். அதற்கு முன் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஸ்காட்லாந்துக் குலங்கள் தத்தம் கட்டத்தின் நிறம் பற்றி எவ்வளவு ரோஷப்பட்டாலும் திரையில் அனைவரும் ஒரே சாம்பல் குலம். அரக்கு உடலும் பச்சைக் கரையும் கொண்ட நம் சேலையின் கதியும் அதுவே. கரை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. அந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகத் தெரியவைக்கத்தான் கோர்வை என்ற பெரும்பாடு.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கோர்வைத் தறியில் ஒரு நாடா போதாது. உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று ஓடும். நெய்பவர் நடுவில், பக்கத்தில் உதவிக்கு ஒருவர், பெரும்பாலும் வீட்டு ஆள். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அச்சை இழுத்து ஓர் அடி. அவர் கால்கள் தரைக்குக் கீழே தறிக்குழியில் மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருக்கும்.

இதை பிபிசியில் சைகையில் காட்டச் சொன்னால் என்ன ஆகும்? குழி கிடையாது, ஆகவே கால் கிடையாது. உதவியாள் கிடையாது, ஆகவே கரை கிடையாது. எஞ்சுவது, இல்லாத எதையோ வலக்கையால் விட்டெறிந்து இடக்கையால் பிடித்து, பிறகு காற்றை நெஞ்சுப் பக்கம் இழுக்கும் ஒரு மனிதர். படகோட்டி என்று ஒருவர் சொல்லலாம். பாலாற்றங்கரைக்காரரைப் படகோட்டி என்பது வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் அபாண்டம். கேமரா இடுப்புக்கு மேலேயே பார்த்த காலத்தில் பாதி வேலையைப் பூமிக்குக் கீழே செய்பவரைப் பிடிப்பது துர்லபம்.

1953 வாக்கில் அந்நால்வரில் ஒருவராக உட்கார்ந்த ஸ்டீவ் ஆலன் ஒரு கேள்வியைப் புகழ்பெறச் செய்தார்: "அது ரொட்டிப் பெட்டியைவிடப் பெரியதா?" மடித்த சேலை ரொட்டிப் பெட்டிக்குள் சுகமாக அடங்கும். விரித்தால் ஸ்டுடியோவின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகும். தறியையும் சேர்த்துக் கேட்கிறாரா என்பதும் தெளிவில்லை. இதற்கு ஆம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய்.

இனி முன்வழக்குகள். ஓரிக்கைக்கு அடையாளம் மறைந்த விருந்தினர் புதியவரல்லர். பல்லவ அரசன் கணிகண்ணனை நாடு கடத்த, குருவான திருமழிசையாழ்வாரும் கூடக் கிளம்ப, திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து ஓர் இரவு தங்கியது இவ்வூரில்தான் என்பது ஐதிகம். கக்கத்தில் சுருட்டிய பாயோடு வந்தவரை அன்றைய ஓரிக்கை எத்தனை கேள்வியில் கண்டுபிடித்தது என்பதற்குக் குறிப்பில்லை. தொலைக்காட்சிக் காலத்துக்கு வந்தால், சென்னைத் தூர்தர்ஷனே 1975 ஆகஸ்ட் 15இல்தான் பிறந்தது. அதற்குள் 'வாட்ஸ் மை லைன்?' சிபிஎஸ்ஸில் முடிந்து எட்டு வருஷம். தமிழில் காஞ்சி நெசவாளி தொலைக்காட்சி விளையாட்டில் தோன்றியதற்கு இவ்வாய்வு கண்டெடுத்த ஒரே சான்று சுற்றுவழிச் சான்று. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் வேங்கடம் என்ற நெசவாளியாக நடித்துத் தேசிய விருது பெற்ற பிரகாஷ்ராஜ், 2013இல் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது கேள்வி கேட்கும் நாற்காலியில். மகள் கல்யாணத்துக்குப் பட்டு நெய்ய வாய்க்குள் நூலை ஒளித்துக்கொண்டு வந்த வேங்கடத்தால் எந்த நிகழ்ச்சியிலும் பதில் சொல்லியிருக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு பொருத்தமானதே.

கடைசித் தடை, சால்வடார் டாலி. 1957 ஜனவரியில் விருந்தினராக வந்த ஓவியர், கேட்ட கேள்விக்கெல்லாம் ஏறக்குறைய ஆம் என்றே சொல்லி அவையைத் திணறடித்தார். நெசவாளியும் நாகரிகம் கருதி அப்படியே தலையாட்டிவிட்டால் அட்டை திரும்பாதே என்பர். அவ்வாறு கூறுவோர் செர்ஃப் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை மறந்தவர்கள்: "இதில் உங்களுக்கு லாபம் உண்டா?"

இங்கே டேலி விருந்தினரின் காதருகே குனிந்து நீண்ட ஆலோசனை நடத்தியே தீருவார். அவருக்கு அது கைவந்த கலை. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது, கூலி சேலைக் கணக்கு, வாங்கிய முன்பணம் கழிய வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்த வீட்டுக்காரிக்குத் தனிக் கூலி கிடையாது, சங்கத்துத் தறி என்றால் கணக்கு வேறு என்று ஒவ்வொன்றாக விளக்கப்படும். நேரடி ஒளிபரப்பு, அரை மணி நேர நிகழ்ச்சி. டேலி நிமிர்ந்து, செர்ஃபைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் பத்து அட்டைகளையும் சேர்த்தே திருப்பிவிடுவார் என்பது இவ்வாய்வின் துணிபு. விதிப்படி அது செல்லுமா என்பதைப் பின்வரும் ஆய்வாளர் பார்த்துக்கொள்வாராக. 238 ரூபாயை முன்பணத்தில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டா என்பதையும் கூடவே.