மேகத்துக்கு இ-பாஸ் கிடையாது

மே மாதம் வந்தால் போதும், கேட்காத காதிலும் வந்து விழும் புலம்பல் ஒன்று உண்டு: "ஊட்டிக்குப் போனோம் சார், சுத்த வேஸ்ட். ஒரே பனிமூட்டம், ஒண்ணுமே தெரியல." இந்த வருஷமும் ஆரம்பித்துவிட்டார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால், வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிறுத்தினாற்போல ஐந்து பேர். ஐந்து தலையிலும் காதை மூடிய குல்லாய். கீழே 'தொட்டபெட்டா' என்று எழுதியிருக்கும். மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியை ஒருவரும் மதிப்பதில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தப் புலம்பலுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வரிதான்.

கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்தால் ஈரம் துளியாகிறது. துளிகள் சேர்ந்தால் மேகம். மேட்டுப்பாளையத்தில் இட்லியைப் பிட்டுக்கொண்டே "மலை மேல மேகம் என்ன அழகு பாரு" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்களே, அதே மேகம்தான். இரண்டு மணி நேரம் கழித்து கார் அதற்குள் நுழைந்ததும் பனிமூட்டம் என்று திட்டத் தொடங்குகிறார்கள். 2,637 மீட்டர் உயரத்தில் இருக்கிற தொட்டபெட்டாவில் மேகம் உட்காராமல் வேறு எங்கே போய் உட்காரும்? அந்தக் குளிரையும் இந்த மேகத்தையும் கொண்டுவருவது ஒரே உயரம்தான். குளிர் மட்டும் போதும், மேகம் வேண்டாம் என்பவர்களுக்கு வீட்டிலேயே ஏ.சி. இருக்கிறது.

'ஒண்ணுமே தெரியல' என்றால் மலை தெரியவில்லை என்று அர்த்தமில்லை; பாயிண்ட் தெரியவில்லை என்று அர்த்தம். நம்மவர்கள் மலைக்குப் போவதில்லை, பாயிண்டுக்குப் போகிறார்கள். குன்னூரில் டால்பின் நோஸ், லேம்ப்ஸ் ராக். ஊட்டிக்குப் போகிற வழியில் கேத்திப் பள்ளத்தாக்கு. கூடலூர் சாலையில் தவளைமலை, ஊசிமலை. அதே சாலையில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல். மைல்கணக்கே அங்கே பாயிண்ட். சரி, கொடைக்கானலுக்கு ஓடிவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு டால்பின் நோஸ் காத்திருக்கிறது. கூடவே தூண்பாறை, மோயர் பாயிண்ட், பசுமைப் பள்ளத்தாக்கு. எல்லா இடத்திலும் சடங்கு ஒன்றே. காரை நிறுத்த இடம் தேடிக் கால் மணி. மிளகாய்ப்பொடி தடவிய மக்காச்சோளம் வாங்க ஐந்து நிமிஷம். கம்பி வேலி ஓரம் போய்ப் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி ஒரு போட்டோ. பிறகு டிரைவரிடம், "இன்னும் எத்தனை பாயிண்ட் பாக்கி?" அவர் விரல்விட்டு எண்ணுவார், நாலு இருக்கும். அந்த நாலில் ஒன்றுக்கு நேரமில்லை என்றால் டூர்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அங்கேயே தகராறு. பாயிண்டுக்குப் பாயிண்ட் தொலைநோக்கி வேறு. மேகம் இறங்கிய நாளிலும் அதற்கு வரிசை நிற்கிறது. கண்ணை வைத்தால், தூரத்தில் இருந்த மேகம் பக்கத்தில் தெரியும்.

"போன்ல பார்த்துட்டுத்தானே கிளம்பினோம், வெயில்னு போட்டிருந்துச்சே" என்பார்கள். போன் 'ஊட்டி' என்று ஒரே ஒரு சூரியனைப் போட்டுக் காட்டும். மலை அப்படி ஒரே துண்டாக இல்லை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையில் நனையும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் மசினகுடி, அது மழை மறைவுப் பகுதி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. கோயம்புத்தூருக்கு வருஷம் பூராவும் சேர்த்தாலும் அவ்வளவு வருவதில்லை. "நாங்க போனது கோடையிலதானே?" கோடையில் காலை தெளிவாக இருக்கும்; வெயில் ஏற ஏற மேகம் திரளும்; மத்தியானத்துக்கு மேல் இடி, மழை. நாம் சாவகாசமாகக் கிளம்பி, டிபன் முடித்து, சரியாக மேகம் வருகிற நேரத்துக்கு உச்சியில் ஆஜராகிறோம். "பாவம், பிள்ளைங்க ஏமாந்து போச்சு" என்பது கடைசி அஸ்திரம். பிள்ளைகள் மேகத்தைக் கையால் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும். ஏமாந்து நிற்பது கையில் லிஸ்ட் வைத்திருக்கும் அப்பாதான். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கச் சொல்கிறார்கள். வண்டி எண், தேதி, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கிற அந்தப் படிவத்தில், மேகம் வந்தால் பரவாயில்லையா என்று ஒரு கேள்வியையும் சேர்த்தால் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும்.

இயற்கை அழகைப் பார்க்க வந்தோம் என்பதுதான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. ஊட்டி ஏரி 1820-களில் கலெக்டர் சல்லிவன் உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் கைவேலை. எமரால்டும் அவலாஞ்சியும் பைக்காராவும் மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர். யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கேரட் வெள்ளைக்காரனோடு வந்தது. அந்த மலைக்கே சொந்தமென்று மிச்சமிருப்பது கொஞ்சம் சோலைக்காடு, கொஞ்சம் புல்வெளி, பிறகு இந்த மேகம். சோலையும் புல்வெளியும் மேகத்தின் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கசியவிடுவதால்தான் ஓடை ஓடுகிறது, அணை நிரம்புகிறது, பைக்காராவில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். நம் போனில் ஏறுகிற சார்ஜிலும் அதில் ஒரு துளி இருக்கும். அந்தப் போனைப் பிடித்துக்கொண்டுதான் மேகத்தைத் திட்டி ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

வழிவிடும் விதியைப் பற்றி எழுத இடமில்லாமல் போய்விட்டது. எழுதினாலும் ஒருவரும் வழிவிடப் போவதில்லை. மேகத்தைப் பிடிக்காதவர்கள் தயவுசெய்து மேட்டுப்பாளையத்தோடு நின்றுகொள்ளுங்கள். அங்கே எல்லாம் தெளிவாகத் தெரியும்.