மாட்டுப் படத்தில் நான்காம் கால்: ஓர் ஆய்வு

1. வரையறை
மாட்டைப் படமெடுத்து அதன் உடற்கட்டைக் கணிக்கும் கலை மூன்று உறுப்புகளால் ஆனது: மாடு, கைபேசி, குறுக்கே வந்து நிற்பவர். மூன்றாம் உறுப்பை நீக்க எடுத்த முயற்சிகள் எல்லாம் அவரோடு செல்ஃபியில் முடிந்துள்ளன.

2. களம்
மைசூரு விஜயநகரும் அதை ஒட்டிய ஹிங்கல் கிராமமும். தேடப்படும் இனம் ஹள்ளிகார்: சாம்பல் நிறம், ஒடுங்கி நீண்ட முகம், உச்சியில் நெருங்கி முளைத்துப் பின்னோக்கிப் போய் நுனியில் முன்வளையும் கொம்பு. சிக்கதேவராஜ உடையார் தொடங்கிய, திப்பு சுல்தான் அமிர்த மஹால் என்று பெயர் சூட்டிய அரசு மந்தைக்கும் ஹள்ளிகாருக்கும் இரத்த உறவு உண்டு. 2000இல் அஞ்சல் துறை காங்கேயம், கிர், காங்ரேஜ் மாடுகளோடு ஹள்ளிகாருக்கும் தபால்தலை வெளியிட்டது. விஜயநகர்த் தெருக்களில் கலப்பினக் கறவைகளும் உலவுகின்றன. தலைப்புக்குப் பொருந்தாததால் அவை ஆய்விலிருந்து விலக்கப்பட்டன.

3. நிறம்
மயிலை, காரி, செவலை, பிள்ளை என்பன காங்கேயத்தார் வகுத்தவை. கைபேசி ஃபில்டர் நான்கையும் ஒன்றாக்கிவிடுவதால் இப்பிரிவு இத்துடன் முற்றிற்று.

4. சுழி
மயிர்ச்சுழிகளில் ராஜசுழி இருந்தால் விலை ஏறும். பாடைச்சுழி இருந்தால் படம் மறுபக்கத்திலிருந்து எடுக்கப்படும்.

5. கோணம்
சமதரையில், பக்கவாட்டில், மாட்டின் நடு உடல் உயரத்தில் கேமராவைப் பிடிக்க வேண்டும். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் கால் குட்டையாகும். குத்தவைத்துத் தரையோடு எடுத்தால் கன்றும் ஒட்டகமாகும். முகத்தருகே போனால் தலை பெருத்துப் பின்புறம் சிறுக்கும். விற்பவர் குத்தவைப்பதும் வாங்குபவர் நிமிர்ந்தே நிற்பதும் மூட்டுவலியால் அல்ல (காண்க: மாட்டைப் பிடித்து நின்ற கயிற்றுக்காரர், வாய்மொழி, ஹிங்கல் சாலையோரம்).

6. நான்காம் கால்
பக்கவாட்டுப் படத்தில் ஒரு கால் இன்னொன்றின் பின்னே மறைந்துவிடுகிறது. இதிலிருந்து இரு பள்ளிகள் கிளைத்தன. முக்காலியர், கண்ணுக்குப் புலப்படாத கால் ஆய்வுக்கு உட்படாது என்பர். நாற்காலியர், மாடு விழாமல் நிற்பதையே நான்காம் காலுக்குச் சான்றாகக் காட்டுவர். அம்மி, ஆட்டுக்கல் ஆகியவை கால் இல்லாமலே நிற்பதைக் காட்டி முக்காலியர் மறுத்தனர் (மேற்படி கயிற்றுக்காரர், முதல் இருமல்). மாட்டை அரையடி நகர்த்திப் பார்க்கலாமே என்று பால்காரர் ஒருவர் கேட்டபோது, முறையியல் பயிற்சி இல்லாதவர் என்று இரு பள்ளியாரும் சேர்ந்து அவரை ஒதுக்கினர் (இரண்டாம் இருமல், சாணம் பட்ட பிரதி, ஓரக்குறிப்பு, பால்கணக்கு நோட்டின் பின்னட்டை). இடைக்காலத்தில் மாடு தானே நகர்ந்து நான்கு காலையும் காட்டியது. அது வேறு நாள், வேறு வெயில் என்பதால் சான்று செல்லாது என்று தீர்மானம் ஆயிற்று (மூன்றாம் இருமலும் அதைத் தொடர்ந்த நீண்ட மௌனமும், திருத்திய பதிப்பு, வெற்றிலை எச்சில் விலக்கியது). விவாதம் இன்னும் ஓயவில்லை. இரு பள்ளியின் தலைவர்களும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே நாற்காலிக்கு மனுப் போட்டிருப்பது தற்செயலே.

மாட்டுக்காரர் செய்வது வேறு. கேமராப் பக்கத்துப் பின்னங்காலைச் சற்றுப் பின்னே தள்ளி, மறுபக்கக் காலை முன்னே வைப்பார். நான்கும் தெரியும்.

7. அளவும் வயதும்
நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 871 பவுண்டு, ஏறத்தாழ 395 கிலோ. நெஞ்சின் சுற்றளவு எந்தப் படத்திலும் விழாது. வயதைப் பல்லில் பார்ப்பர்: இரண்டு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டியது, எட்டுப் பல்லும் விழுந்து முளைத்துவிட்டால் ஐந்தை ஒட்டியது. படம் எடுக்கும்போது பல்லைக் காட்டும் வழக்கம் மாட்டுக்கு இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு உண்டு.

8. முடிவு
சுஞ்சனகட்டேயிலும் அந்தியூரிலும் சந்தைக்கு வருபவர் திமிலை அழுத்தி, பல்லைப் பிரித்து, மாட்டை நடக்கவிட்டுப் பார்த்த பிறகே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். ஆகவே படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பக் கூடாது. டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும்.