கொத்தமல்லி ஒரு கட்டு

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து அண்ணாச்சி கடை சரியாக 190 மீட்டர். நான் டேப் வைத்து அளக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையில் கட்டியிருக்கிற கடிகாரம் அளந்து சொன்னது. அளந்த அன்றைக்கும் அவர் ஸ்கூட்டரில்தான் போனார்.

"ஏங்க, சாம்பார் கொதிக்குது. ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடுங்களேன்."

தரையில் படுத்து இரண்டு காலையும் சுவர்மேல் சாய்த்து வைத்திருந்தவர், கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: "இன்னிக்கு ரெஸ்ட் டேம்மா."

முந்தின நாள் காலையில் இதே மனிதர் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 14 கிலோமீட்டர் ஓடிப்போய், யாரும் கூப்பிடாமலே 14 கிலோமீட்டர் திரும்பியும் ஓடி வந்தார். கொத்தமல்லி இல்லாத சாம்பாரை அன்று நாங்கள் சாப்பிட்டோம். அவர் மட்டும் மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

மாரத்தான்காரர்கள் பிறப்பதில்லை, மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டிலிருந்து முளைக்கிறார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கொலஸ்டிரால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். டாக்டர், "கொஞ்சம் நடங்க சார்" என்று சொல்லியிருப்பார். அந்தக் "கொஞ்சம்" மட்டும் இவர்கள் காதில் விழுவதில்லை. எலியட்ஸ் பீச்சில் ஒரு வாரம் நடப்பார்கள். பக்கத்தில் மஞ்சள் பனியன் போட்ட ஒரு கூட்டம் ஓடும். அதில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "வாங்க சார், ஜாயின் பண்ணிக்கோங்க" என்பார். அவ்வளவுதான், அந்தக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஜனவரி முதல் வாரத்துச் சென்னை மாரத்தானுக்கு 16 வாரப் பயிற்சி. அதற்கான அட்டவணையைப் பிரின்ட் எடுத்து, தினசரி காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டினார். ராகு காலம், எமகண்டம் இருந்த இடத்தில் இன்டர்வல், டெம்போ, லாங் ரன் வந்தன. என் மாமியாருக்குக் கண் மங்கல். காலையில் காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "டேய், இன்னிக்கு என்னடா, கிருத்திகையா?"

"இல்லம்மா, இன்னிக்கு டெம்போ."

"டெம்போவா? யாரு வீடு காலி பண்றாங்க?"

செப்டம்பர் நடுவில் ஆரம்பித்தால் நடுவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வரும் என்பது சென்னையில் குழந்தைக்கும் தெரியும். அட்டவணை போட்டவருக்குத் தெரியவில்லை. அது எந்த ஊர்க் குளிருக்குப் போட்டதோ. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற அன்று எங்கள் கார் பார்க்கிங்கில் தூணைச் சுற்றிச் சுற்றி 8 கிலோமீட்டர் ஓடினார். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, தேர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை.

காலை 4 மணிக்கு இவர் கிளம்புவதே ஒரு சடங்கு. கேட்டுக்கு வெளியே நின்று, கடிகாரக் கையை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடிப்பார். சாட்டிலைட் சிக்னல் கிடைக்க வேண்டுமாம். மார்கழியில் கோலம் போடக் குனிந்த எதிர்வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, சூரியனுக்கு அர்க்கியம் விடுகிறார் என்று நினைத்து அவரும் ஒரு கும்பிடு போட்டார். சூரியன் வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. சிக்னல் வந்து கடிகாரம் 'பீப்' என்றதும், அந்த அக்காவின் புள்ளிக் கோலத்தைத் தாண்டிக் குதித்து நம்மவர் மறைவார்.

மறைவார் என்று எழுதிவிட்டேன், ஆனால் அவ்வளவு சீக்கிரம் மறைய மாட்டார். காரணம், 'ஸோன் டூ'. 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகம் வருமாம். 46 போக 174. அதில் எழுபது சதவீதம், ஏறக்குறைய 122. வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் அதைத் தாண்டக் கூடாது. மெதுவாக ஓடி ஓடித்தான் உடம்பின் எஞ்சின் பெரிதாகும் என்கிறார். கணக்கில் தப்பில்லை. ஆனால் இவர் ஓட ஆரம்பித்த மூன்றாவது நிமிஷமே இதயம் 140-க்குப் போய்விடும். உடனே வேகத்தைக் குறைப்பார். இன்னும் குறைப்பார். பீச்சில் ஒரு நாள் துணைக்குப் போயிருந்தேன். பட்டுப்புடவைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற வழியில் வாக்கிங் வந்த ஒரு பாட்டி, இவரை வலப்பக்கமாகத் தாண்டிப் போனார். போகும்போது, "முடியலைன்னா உக்காந்துட்டு வாப்பா" என்று ஆறுதலாகச் சொன்னார்.

வேகம் வேண்டுமென்றால் அதற்கு மூன்றாவது தெருவில் ஒரு செவலை நாய் இருக்கிறது. அது துரத்திய ஒரு நாள், அந்த 300 மீட்டரை மட்டும் அவர் வாழ்நாளில் ஓடாத வேகத்தில் ஓடினார். பயிற்சியாளர்கள் இதைத்தான் காசு வாங்கிக்கொண்டு இன்டர்வல் என்று சொல்லித் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் காட்டி அவரே பெருமைப்பட்டுக்கொண்டார். நாயைப் பற்றிய தகவல் மாலையில் வாட்ச்மேன் அண்ணன் மூலம்தான் வந்தது.

அடுத்து ஷூ. கார்பன் பிளேட் வைத்த ஷூ ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதன் விலையை என்னிடம் இரண்டு தவணையாகச் சொன்னார். எலியுட் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை ஓடி முடித்தது இந்த மாதிரி ஷூவில்தான் என்றார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அப்பா, 1960-ல ரோம்ல அபேபே பிகிலான்னு ஒருத்தர் வெறுங்காலோட ஓடித் தங்கம் வாங்கினாராமே?"

"அவருக்குப் பாதம் வேற மாதிரிம்மா."

"அவ்ளோதான் வித்தியாசமா?"

அந்த ஷூவை அவர் தினமும் போடுவதில்லை. போட்டால் தேய்ந்துவிடுமாம். பட்டுப்புடவை மாதிரி வருஷத்தில் இரண்டு தடவை எடுத்து, காற்றாட வைத்து, திரும்ப உள்ளே வைக்கிறார்.

முதல் 25 கிலோமீட்டர் ஓடிய நாள் வெள்ளைப் பனியன் போட்டிருந்தார். வியர்வையில் ஊறிய துணி மூன்று மணி நேரம் மார்பில் உரசினால் என்ன ஆகும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பனியனின் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு இறங்கியிருந்தது. கதவைத் திறந்த மாமியார், "ஐயோ, எம்புள்ளைய யாரோ குத்திட்டாங்க" என்று போட்ட சத்தத்தில் இரண்டு பிளாக் விழித்துக்கொண்டது. அதிலிருந்து நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் மார்பில் இரண்டு பிளாஸ்திரி. இடுக்குகளில் வாஸ்லின். கால் கட்டைவிரல் நகம் கறுத்து ஒரு நாள் கையோடு வந்துவிட்டது. அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். பதினேழு பேர் வாழ்த்தினார்கள்.

இவர்களைக் கல்யாண வீட்டில் பார்க்க வேண்டும். மணமேடைப் பக்கம் பார்வை போகாது. கூட்டத்தில் இன்னொரு ஒல்லியான, கன்னம் ஒட்டிய, பெரிய கடிகாரம் கட்டிய ஆளைத் தேடும். கண்டுபிடித்ததும் சம்பந்தி விசாரிப்பு ஆரம்பமாகிவிடும். எத்தனை வருஷமா ஓடறீங்க, ஃபுல்லா ஹாஃபா, டைமிங் என்ன. டைமிங் கேட்டால் யாரும் வெறும் எண்ணை மட்டும் சொல்வதில்லை. "4:38, ஆனா அன்னைக்குப் புழுக்கம்." "5:02, ஆனா முப்பத்தஞ்சாவதுல கெண்டைக்கால் இழுத்துடுச்சு." "ஆனா" இல்லாத டைமிங்கை நான் இதுவரை கேட்டதில்லை. நம் நாட்டின் ஷிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடியதை நாற்பது வருஷத்துக்கு மேல் யாராலும் அசைக்க முடியவில்லை. அந்த டைமிங்குக்குப் பின்னால் எந்த "ஆனா"வும் இல்லாமல் தனியாக நிற்கிறது.

நம்மவரிடம் இருக்கும் இன்னொரு வியாதி முழு எண். ஓடி முடித்து வீட்டு வாசலுக்கு வரும்போது கடிகாரம் 17.8 காட்டினால் மாடி ஏற மாட்டார். பார்க்கிங்கைச் சுற்றி ஓடி 18 ஆக்கிவிட்டுத்தான் ஏறுவார். இல்லையென்றால் ஸ்ட்ராவாவில் போட்டால் பார்க்க அசிங்கமாக இருக்குமாம். ஸ்ட்ராவா என்பது ஓட்டக்காரர்களின் மொய் நோட்டு. யார் எவ்வளவு ஓடினார்கள் என்று அதில் ஏறும். நீ எனக்கு ஒரு பாராட்டு போட்டால் நான் உனக்குத் திருப்பிப் போட வேண்டும்.

இப்படி முழு எண்ணுக்காக உயிரை விடுகிறவர், எப்படி 42.195 என்கிற கோணல் எண்ணுக்கு ஆசைப்பட்டார்? கேட்டேன். 1896-ல் ஏதென்ஸில் ஓடியபோது தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தானாம். 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் புறப்பட்டு, ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அப்படி அமைந்த தூரம் 1921-ல் நிரந்தரமாயிற்று. ஆக, இங்கிலாந்து ராஜா வீட்டு வசதிக்காகக் கூடிப்போன சொச்சத்தைத் திருவான்மியூர்க்காரர் ஒருவர் இன்னமும் கால் கடுக்க ஓடிக் கழித்துக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் கடைசியில் 'டேப்பர்' வந்தது. போட்டிக்கு முந்தின இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு தருவது. உடம்புக்கு ஓய்வு, வீட்டில் மற்றவர்களுக்கு 144 தடை உத்தரவு. மகள் தும்மினாள், அவளைத் தனி அறைக்கு அனுப்பினார். முழங்காலில் புதுசாக ஒரு வலி, மறுநாள் அது குதிகாலுக்கு இறங்கிற்று, அடுத்த நாள் காணோம். பரண்மேல் இருந்த முறுக்கு டின்னை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். "ஸ்டூல்ல ஏறி விழுந்துட்டா பதினாறு வாரம் போச்சே" என்றார். நான் ஏறினேன். நான் விழுந்தால் பதினெட்டு வருஷம் போகும் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

கடைசி மூன்று நாள் அரிசியும் இட்லியும் உருளைக்கிழங்குமாகத் தின்றார். அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிற சர்க்கரைச் சத்து ஏறக்குறைய 2000 கலோரி. இவர் எடைக்கு இந்த ஓட்டம் கேட்பதோ 3000. கொழுப்பும் எரியும்தான், ஆனால் அது சாவகாசமாக எரியும். அதனால்தான் முப்பது கிலோமீட்டர் வாக்கில் சுவரில் மோதினதுபோல நிற்கிறார்களாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. முப்பதாவது கிலோமீட்டர் என்பது மாசத்தில் இருபத்தைந்தாம் தேதி. பேங்கில் இருந்தது தீர்ந்தது, பி.எஃப். பணம் இருக்கிறது, அவசரத்துக்கு வராது. பன்னிரண்டாவது இட்லியை வைத்தபோது மாமியார் மட்டும் முணுமுணுத்தார்: "இதுக்கு ஓடாமயே இருந்திருக்கலாம்."

போட்டி அன்று இருட்டிலேயே நேப்பியர் பாலத்தில் இறக்கிவிட்டோம். நாலரை மணி நேரத்தில் முடிப்பேன் என்றார். நானும் மகளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோர் பாட்டிலோடு நின்றோம். மாமியார் கொடுத்த மோர். உப்பு தூக்கலாகப் போட்டது. இவர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஆரஞ்சு வாசனை மாத்திரையிலும் முக்கியமான சரக்கு உப்புதான். நாலரை மணி நேரம் ஆயிற்று. நாலே முக்கால். வெயில் உச்சந்தலையைத் தொடப் பார்த்தது. தூரத்தில் ஒருவர் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, கல்யாண வீட்டில் செருப்புத் தொலைத்தவர்போல் தரையைப் பார்த்தபடி நடந்து வந்தார். என் வீட்டுக்காரர்தான். எங்களைப் பார்த்தார், நடையை மாற்றவில்லை. பத்தடி தள்ளி ஒரு போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். உடனே முதுகு நிமிர்ந்தது, முழங்கால் உயர்ந்தது, முகத்தில் ஒரு சிரிப்பு. கேமராவைத் தாண்டியதும் மறுபடி செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அப்போது எனக்குத் தொண்டையை அடைத்தது உண்மை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மாரத்தானுக்குப் பணம் கட்டிவிடுவார்.

4 மணி 56 நிமிடம். "ஆனா வெயில்" என்றார், மோரைக் குடித்துக்கொண்டே. ஒரு பாட்டில் மோரும் போயிற்று. மெடலை மாமியார் கையில் வாங்கிப் பார்த்தார். எடை போட்டுப் பார்த்தார். "பித்தளைகூட இல்லடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவர் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினார். முன்பக்கமாக இறங்கினால் தொடை பிடித்துக்கொள்கிறதாம். லீவு போட்டிருந்தார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டேன். ஆணியில் அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறாவது வாரத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இடம். பேனாவை எடுத்து, திங்கள்கிழமை என்று எழுதி, பக்கத்தில் 'ரெக்கவரி வாக், 0.5 கி.மீ., அண்ணாச்சி கடை வழி' என்று எழுதினேன்.

தண்ணீர் குடிக்க வந்தவர் அதைப் பார்த்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்கவில்லை. அறைக்குள் போய் ஷூ போட்டுக்கொண்டு வந்தார்.

இருபது நிமிஷம் ஆயிற்று, ஆள் வரவில்லை. பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே பார்க்கிங்கில், கையில் கொத்தமல்லிக் கட்டோடு, நொண்டி நொண்டித் தூணைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியை நகர்த்திப் போட்டிருந்தார்.

"என்னங்க, சாம்பார் இறக்கணும்!"

அவர் தலையைத் தூக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினார்: "போய்ட்டு வந்ததுல 0.38-தான்மா ஆச்சு. இன்னும் நாலு ரவுண்டு!"