பாவம், பிராசஸர்!

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் எல்லோரும் முதலில் கேட்பது, "இதை வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" என்றுதான். எட்டு என்றோ பத்து என்றோ பதில் வந்துவிட்டால் தீர்ப்பும் கூடவே வந்துவிடும். வயதை மட்டும் பார்த்து வெளியே அனுப்புவதென்றால், கேள்வி கேட்டவரே முதலில் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அதை யாரும் யோசிப்பதில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லன் பேச்சை நம்பி, சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்றுகூடப் பார்க்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். இன்று பொற்கொல்லன் இடத்தில் ஷோரூம் விற்பனையாளர் நிற்கிறார். "சார், பிராசஸர் ரொம்ப ஓல்டு சார்" என்கிறார். விசாரணை அத்துடன் முடிகிறது. பணம் தாராளமாக உள்ளவர்கள் அப்படியே தீர்ப்பு எழுதிக்கொள்ளட்டும். மாதக் கடைசியில் பால்காரரை எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்கும் குடும்பத்துக்கு விசாரணை அவசியம். விசாரித்தால், பெரும்பாலான வீடுகளில் பிராசஸர் நிரபராதி என்றே தெரியவரும். குற்றவாளி ஹார்ட் டிஸ்க், உடந்தை ரேம்.

சாட்சியத்துக்கு வருவோம். சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. கேட்பதற்கு வேகம்போலத் தெரியும். ஆனால் வேண்டிய தகவல், அதைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வந்துசேர, சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மில்லி செகண்ட் போல ஆகிறது. அந்த நேரத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் 3.6 கோடி தடவை துடித்துவிட்டு, "இன்னும் வரலையா, இன்னும் வரலையா" என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை எடுத்தாக வேண்டும் என்பதால், காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றின. கொள்ளளவு எத்தனையோ லட்சம் மடங்கு பெருகிவிட்டது. சுற்றும் வேகமோ வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆறு மடங்கோடு நின்றுபோனது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்குத் தட்டும் இல்லை, நகர்வதற்கு முள்ளும் இல்லை. ஹார்ட் டிஸ்க் ஒரு நொடியில் நூறு தடவைகூட எடுத்துத் தராத இடத்தில், சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் தடவை எடுத்துத் தருகிறது. பிராசஸரின் கதையோ வேறு. 2004-லேயே பென்டியம் 4 தன் துடிப்பில் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை கெட்டிக்காரத்தனத்தில் முன்னேறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் கடிதம் எழுதவும் கரண்ட் பில் கட்டவும் யூடியூபில் சமையல் பார்க்கவும் பத்து வருஷத்துப் பிராசஸரின் மூளையே ஏகத்துக்கும் மிச்சம்.

என் வாதத்தை நம்ப வேண்டாம்; கம்ப்யூட்டரிடமே வாக்குமூலம் வாங்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வண்டி முக்கி முனகும் நேரமாகப் பார்த்துத் திறக்க வேண்டும். சிபியு பத்து, இருபது சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறில் நின்று சிவந்திருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. மெமரி தொண்ணூறைத் தாண்டியிருந்தால் உடந்தையும் பிடிபட்டது. ரேமில் இடமில்லாதபோது, மிச்சத்தை அது டிஸ்க்கின் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம். பிரவுசரில் இருபது ஜன்னல் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றையும் மூடாதவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களைத் திருத்துவதைவிட 4 ஜிபியை 8 ஆக்குவது சுலபம். சிபியுவே நாள் முழுக்க நூறில் நின்றால் மட்டும் பிராசஸர் மேல் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் விசிறியில் அடைந்துகிடக்கும் தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பார்ப்பது நல்லது. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தேதி 2010-க்கோ 2015-க்கோ ஓடிப்போய், எந்த இணையதளமும் திறக்க மறுத்தால் அது முதுமையே அல்ல. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஒரு டிபன் செலவுக்குள் முடிகிற அந்தக் கோளாறுக்காகக் கம்ப்யூட்டரையே மாற்றியவர்கள் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எஸ்எஸ்டி, ரேம், விசிறி, பேட்டரி வரை செலவு செய்வது சேமிப்பு. அதற்கு மேல் ஒரு படி ஏறினால் ஆபத்து. "கூடவே பிராசஸரையும் கொஞ்சம் புதுசாப் போட்டுடலாமே" என்று தோன்றும் கணத்தில்தான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு ஆரம்பிக்கிறது. இன்டெல்லின் சாக்கெட்டில் 2011-இல் 1155 முனைகள், 2013-இல் 1150, 2015-இல் 1151. ரேஷன் கடைக்காரர்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கூட்டிக் குறைத்ததில்லை. 2017-இல் எட்டாம் தலைமுறை வந்தபோது அதே 1151 முனைகளை வைத்துக்கொண்டே, பழைய மதர்போர்டில் வேலை செய்யமாட்டேன் என்றது. ஆகவே புதுப் பிராசஸர் வேண்டுமென்றால் புது மதர்போர்டு வேண்டும். புது மதர்போர்டு டிடிஆர் 3 ரேமை ஏற்காது. வெட்டுத்தடமே வேறு இடத்தில் இருப்பதால் அழுத்தினாலும் உட்காராது. ரேமும் புதிது என்றான பிறகு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்ற கேள்வி எழும். கடைசியில் பழையதென்று மிஞ்சுவது கேபினெட்டும் அதன்மேல் ஒட்டிய சாமி படமும்தான். இவ்வளவையும் தனித்தனியாக வாங்கினால், முழுக் கம்ப்யூட்டரின் விலையையே தவணை தவணையாகக் கொடுத்து முடித்திருப்போம். என் எல்லைக்கோடு இதுதான்: மதர்போர்டைத் தொடாமல் மாற்ற முடிந்ததை மாற்றலாம். மதர்போர்டைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் கேபினெட்டை மூடிவிட்டுப் புதிதோ, நல்ல செகண்ட் ஹேண்டோ வாங்கிவிடலாம்.

"செத்த மாட்டுக்குப் புல் போடுவானேன்?" என்று கேட்பார்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பழைய கம்ப்யூட்டரோடு உடன்கட்டை ஏறாது. நாளைக்குப் புதியது வந்தால் அதில் மாட்டலாம். மாட்ட இடமில்லையென்றால் ஒரு யுஎஸ்பி உறை வாங்கி அதில் போட்டு, பென் டிரைவ்போல வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஆட்சேபம் கரண்ட் பற்றியது: பழைய டெஸ்க்டாப் மின்சாரம் குடிக்குமாம். 100 வாட் டெஸ்க்டாப்பும் 30 வாட் லேப்டாப்பும் தினம் நாலு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு எட்டரை யூனிட்கூட வித்தியாசம் வராது. யூனிட் ஏழு ரூபாய் என்றாலும் அறுபது ரூபாய்க்குள்தான். 40,000 ரூபாய் லேப்டாப்பின் விலையை இந்த வழியில் மிச்சம்பிடிக்க ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும். பேரன்தான் லாபத்தைப் பார்ப்பான். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் நல்ல விலை வருமே என்பது மூன்றாவது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். கம்ப்யூட்டருக்கு அந்த யோகம் இல்லை. வருமானவரிக் கணக்கிலேயே கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். அந்தக் கணக்குப்படி 40,000 ரூபாய்க்கு வாங்கியதன் மதிப்பு பத்து வருஷத்தில் 242 ரூபாய். கடைக்காரர் அதற்கு மேல் எது கொடுத்தாலும், புதியதன் விலையில் எங்கோ ஏற்றியிருக்கிறார் என்று பொருள்.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத மதர்போர்டை வாசலிலேயே நிறுத்துகிறது. இன்டெல் என்றால், சில விதிவிலக்கு போக, எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை தகுதிப் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தைப் பிறந்த தேதி கேட்டுத் திருப்பி அனுப்பும் இந்த ஏற்பாட்டைக் கண்டு கோபம் வருவது நியாயம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறப்பது கோபத்தைவிட ஆபத்தானது. பாதி வீடுகளுக்கு இதற்கு விடை லினக்ஸ். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சிடாக் உருவாக்கியது அது. இன்றைக்கு லினக்ஸ் மின்ட் போட்டால், பிரவுசரில் நடக்கும் வேலை எல்லாம் பழைய கம்ப்யூட்டரிலேயே நடக்கும். தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. ஆனால் டேலியில் கணக்கு எழுதுகிறவருக்கும் போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவருக்கும் இதைச் சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தொழில் சாமான். புதிது வாங்கத்தான் வேண்டும். ரேமை போர்டிலேயே பற்றவைத்து விற்ற 2 ஜிபி லேப்டாப்புக்கும் மீட்சி இல்லை. "பையன் படிப்புக்கு" என்று கேட்கப்படும் புதுக் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும், கிராபிக்ஸ் கார்டு எந்தப் பாடத்துக்கு என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

2025-இன் கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். இது மேம்படுத்துகிறவரையும் கடிக்கும், புதிது வாங்குகிறவரையும் கடிக்கும். புதியதிலும் ரேம் உண்டே. டிடிஆர் 3 வேண்டியவர்கள் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டுக்கு அலையலாம். ஆனால் பழைய ரேமைத் தங்கள் போர்டிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்க வேண்டும். மாற்றுவதா, வாங்குவதா என்று வீட்டில் பேச்சு இன்னும் ஒரு மாதம் நடக்கும், நடக்கட்டும். குற்றவாளி என்று நான் சொன்ன அந்த ஹார்ட் டிஸ்க்குக்குள்தான் கல்யாண போட்டோவும் குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவும் இருக்கின்றன. பத்து வருஷம் சுற்றிய தட்டு, நிற்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் என்று நம்ப முடியாது. பேச்சு முடிவதற்குள், இன்றைக்கே அவற்றை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.