நாலு துறை, ஒரு தண்ணீர்

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் நடந்த சாரணர் வைரவிழாப் பெருந்திரளணிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். இத்தகைய விழாக்களில் பண்பாட்டுப் பரிமாற்றம் மேடையில் நடப்பதாக ஐதீகம்: ஒரு நாடு ஆடும், மற்ற நாடுகள் கைதட்டும், பிறகு முறை மாறும். வீட்டில் ஜீன்ஸைக் கழற்றாத பையன் அன்றைக்கு மட்டும் பட்டுவேட்டி கட்டி, நழுவாமலிருக்க பெல்ட்டும் போட்டு, ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியத்தின் தூதனாக நிற்பான். மணப்பாறை இருக்கும் அதே மாவட்டத்துத் திருவெள்ளறையில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் எடுப்பித்த ஸ்வஸ்திகக் கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் படிகள் மடங்கி இறங்கும். ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறைக்காரர் கண்ணில் படமாட்டார். தண்ணீர் மட்டும் பொது. மேடையும் அப்படித்தான், ஒவ்வொரு நாடும் தனித் துறை. முகாமில் அந்தப் பொதுத் தண்ணீர் குளியலறை வரிசையிலும், போன் சார்ஜ் போடும் இடத்துத் தகராறிலும், மணப்பாறை முறுக்கைப் பங்கு வைப்பதிலும்தான் கிடைக்கும்.

அப்படியானால் ஆட்டமே வேண்டாமா? வேண்டும், கூச்சம் போக ஒரு சாக்கு தேவை. 1920-இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த முதல் உலகச் சாரணர் பெருந்திரளணியும் பார்வையாளருக்கான காட்சிதான். ஆனால் பிள்ளைகள் பலர் தங்கியது ரிச்மண்டில், கூடாரங்களில். பழக்கம் பிறப்பது அப்படிச் சேர்ந்து தங்குமிடத்தில்தான். ஆகவே நிகழ்ச்சி நிரலில் தினமும் ஒரு மணி நேரத்தைச் சும்மா விட்டால் போதும். அதற்கும் ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமித்து, கடைசியில் சான்றிதழும் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் பயம்.